ஆறாவது மீன்கொத்தி

பையை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு, தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தது, எல்லோரும் லென்ஸ் என்று கூப்பிடும் மனிதர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. லென்ஸுக்கே இல்லை.

"மாமா, பையைக் கவுண்டர் மேல வைங்க, நான் பிரிச்சுத் தரேன்" என்று மச்சான் சொல்லித்தான் இருந்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அந்த வங்கியில் காசாளர். அக்கா வீட்டுக்காரர் கேட்கிறாரே என்று, புதுக்காசுப் பை ஒன்றை மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன்னால் எடுத்து வைத்திருந்தான். அந்த ஒரு நல்ல காரியத்துக்காக அவன் பின்னால் வெகுநாள் வருத்தப்பட்டான்.

"டமால்னு வெச்சா காசு ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும்டா. நான் கையிலேயே வெச்சுப் பிரிக்கறேன்."

பைக்கு இரண்டு தையல். ஒன்றில் 'இங்கே பிரிக்கவும்' என்று சீட்டுத் தொங்கியது. இன்னொன்றில் 'இங்கே பிரிக்கக் கூடாது' என்று சீட்டுத் தொங்கியது. இரண்டிலும் எழுத்து எறும்பு சைஸ். லென்ஸ் ஒரு சீட்டைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். படித்துவிட்ட மனிதர் போலத் தலையை ஆட்டினார். இழுத்தார்.

அடித் தையல் சர்ரென்று ஒரே இழுவையில் பிரிந்தது.

காசு கொட்டும் சத்தம் இனிமையானது என்று நினைப்பவர்கள் ஒரு பை காசைப் பளிங்குத் தரையில் கொட்டிக் கேட்டிருக்க மாட்டார்கள். கொட்டியதும் நின்றுவிடாமல் ஒவ்வொன்றும் தன் வேலையாகப் போகிற மாதிரி எழுந்து உருள வேறு ஆரம்பித்தன. வரிசையில் நின்றவர்கள் நல்லவர்கள். ஐயோ பாவம் என்று குனிந்து பொறுக்கப் போனார்கள். வெறும் கையால். விரல் ரேகை படிய.

"யாரும் தொடாதீங்க! நகராதீங்க! இருக்கற இடத்துலயே அப்படியே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு லென்ஸ் தரையில் குப்புற விழுந்து கைகளை விரித்தார்.

ஒரு வங்கிக்குள் இந்த வார்த்தைகளை இந்தக் குரலில் சொன்னால் வாசலில் நிற்கும் காவலாளிக்கு என்ன தோன்றும் என்று அவர் யோசிக்கவில்லை. காவலாளி தன் பதினெட்டு வருட சர்வீஸில் முதல்முறையாக சிவப்பு அபாயப் பொத்தானை அழுத்தினார். இரும்புக் கதவு கடகடவென்று இறங்கியது. ஒரு பெண்மணி கைப்பையை லென்ஸின் முதுகின் மேல் வீசி, "எல்லாத்தையும் எடுத்துக்கோங்க" என்றாள்.

மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். "சார், என்ன பண்றீங்க?"

"காயம் படாம பாத்துக்கறேன் சார்."

"யாருக்குக் காயம்?"

"காசுக்கு."

அன்றைக்குச் சாயந்திரம் மச்சான் தெரு முனை வரை கூடவே வந்து, சிரிக்காமல் சொன்னான்: "மாமா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா இனிமே எங்க பேங்க் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க."

*

லென்ஸ் திருடரும் இல்லை, பைத்தியமும் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர், தனக்கு மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. "உங்களுக்கும் வயசாச்சே, கிட்டப் பாக்கறதுக்கு ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?" என்று முதலாளி கேட்டபோது, "கண்ணு பழுதில்ல சார், கைதான் கொஞ்சம் குட்டை. இன்னும் ஒரு சாண் நீளம் இருந்தா எல்லாம் தெளிவாப் படிச்சுடுவேன்" என்று சொன்ன மனிதர்.

அந்த வருடம் அரசாங்கம் புழக்கத்துக்குப் புதுக் காசு ஒன்றை வெளியிட்டிருந்தது. ஒரு பக்கம் மதிப்பு, மறுபக்கம் கிளையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கும் மீன்கொத்தி. சாதாரண ஜனங்கள் அதைக் கொடுத்து பஸ் டிக்கெட் வாங்கினார்கள். லென்ஸ் சேர்ந்திருந்த நாணயச் சங்கத்துக்காரர்கள் அப்படிச் செய்வார்களா? அவர்கள் அதை ஓரத்தில் மட்டும் பிடித்து, விளக்கின் கீழே சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். காசின் மேல் பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும். தும்மல் வந்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். அச்சடித்த இடத்திலிருந்து பைக்குள் விழும்போதே காசுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அதில் விழும் வடுவுக்குச் சங்கத்தில் பைக்காயம் என்று பெயர். மீன்கொத்தியின் நெஞ்சு புடைத்திருப்பதால் முதல் அடி அங்கேதான் விழும். நெஞ்சில் அடிபடாத மீன்கொத்தி கிடைத்தால் அதைத் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பலாம். அவர்கள் எழுபதுக்கு மார்க் போட்டு, சீல் வைத்த பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

போட்டி அதில்தான். முதல் மாதத்துக்குள், சில்லறையாகவோ வங்கியிலோ நிஜமாகவே கைக்கு வந்த காசாக இருக்க வேண்டும். சங்கத்தில் யார் காசு அதிக மார்க் வாங்குகிறதோ, அதற்கு மட்டும் கம்பெனி சாதா வெள்ளை லேபிளை எடுத்துவிட்டு நீல லேபிள் ஒட்டும். 'முதல் மாதக் கண்டெடுப்பு' என்று போட்டு, அதற்குக் கீழே கண்டெடுத்தவர் பெயர்.

லென்ஸுக்கு வேண்டியது அந்தப் பெயர்தான். பரிசுப் பணம் எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் அவர் பாதி வழியில் தொலைத்திருப்பார். அவர் பெயர் அச்சில் வந்தது இரண்டே இடத்தில்: கல்யாணப் பத்திரிகையிலும் மின்சார பில்லிலும். மின்சார பில்லில் தப்பாக. "நூறு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தன் அந்தக் கூட்டைக் கையில எடுத்து, யாருப்பா இந்த ஆளுன்னு யோசிப்பான்ல?" என்று மனைவியிடம் ஒருநாள் உருகிச் சொன்னார்.

"ஆமா, வேற வேலை இல்லாதவனா இருந்தா" என்றாள் மனைவி. ஆனால் அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது, "பொம்பளை பேரும் போடுவாங்களா அதுல?" என்று கேட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் லென்ஸ் "ம்" என்றார். கேட்டதாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

போட்டியில் ஒரே ஒரு தடங்கல், பல் டாக்டர். அவர் மூன்று வங்கிகளிலிருந்து பை பையாகக் காசு வரவழைத்து, நோயாளி இல்லாத நேரத்தில் நர்ஸை முகமூடியும் கையுறையுமாக உட்கார வைத்துப் பொறுக்க வைத்தார். பல்லுக்கு வைத்திருந்த விளக்கு காசுக்கும் உதவியது. லென்ஸுக்கோ இருந்த ஒரே வங்கியும் இரும்புக் கதவை இறக்கிவிட்டது.

*

மிச்சம் இருந்த வழி மனைவி.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, சாயந்திரம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவாள். இடையில் பெட்ரோல் பங்க், காற்று பிடிக்கும் கடை, ரொட்டிக் கடை என்று நாலு இடத்தில் சில்லறை புழங்கும். சாலையில் அவள் வாயைத் தாண்டி ஒரு லாரி போனது கிடையாது. குறுக்கே வந்த ஒரு லாரி டிரைவரிடம் ஜன்னலை இறக்கி, "இது ரோடு, உன் மாமனார் வீட்டு முற்றம் இல்ல" என்றதைப் பின் சீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் வகுப்பில் சொல்லிச் சிரித்தார்கள். ஊரில் யார் எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேராகப் பதில் சொல்லுகிற அதே பெண்ணுக்கு, வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் ஒரே ஒரு பதில்தான் மிஞ்சும்.

"உங்க இஷ்டம்."

பதினேழு வருடத்தில் லென்ஸ் அந்த இரண்டு வார்த்தையில் பல ரகம் கேட்டிருக்கிறார். மெதுவாக வந்தால் சம்மதம். வேகமாக வந்தால் சம்மதம் இல்லை. 'ட'வில் அழுத்தம் விழுந்தால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருக்காது. எந்த ரகமானாலும் அவர் தனக்கு வசதியான ரகமாக எடுத்துக்கொண்டு மேற்கொண்டு காரியத்தைப் பார்ப்பார்.

"தினமும் கொஞ்சம் மீன்கொத்தி மாத்திக்கிட்டு வரியா? தம்பி விஷயத்துல உனக்குக் கோபம் இருக்கும், தெரியும்."

"உங்க இஷ்டம்."

நடுத்தரம். நல்ல சகுனம் என்று லென்ஸ் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் அவள் கொண்டுவந்த காசுகள் பர்ஸுக்குள் சாவிக்கொத்தோடும் ஒரு ஹேர்பின்னோடும் ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தன. லென்ஸ் ஒவ்வொரு மீன்கொத்தியின் நெஞ்சையும் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் கடையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே பஞ்சு மெத்தை, மேலே மஞ்சள் துடைப்புத் துணி.

"சில்லறை குடுக்கும்போது இதைத் திறந்து நீட்டு. காசை இதுல மெதுவா வைக்கச் சொல்லு. போடக் கூடாது, வைக்கணும்."

"பெட்ரோல் பங்க்ல?"

"ஆமா."

"பின்னாடி வரிசையில ஹாரன் அடிப்பாங்க."

"அடிச்சா நீ திருப்பிச் சொல்லுவேல்ல?"

அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வாரத்தில் அந்தப் பக்கக் கடைக்காரர்களுக்கெல்லாம் பழகிவிட்டது. பங்கில் வேலை செய்யும் பெண், வேன் வரும்போதே புதுக் காசுக் கட்டு ஒன்றை எடுத்துத் தயாராக வைத்து, "அக்கா, கண்ணாடிக் கூடு எங்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். ரொட்டிக்கடைக்காரர் காசை இடுக்கியால் வைத்தார். வேன் பிள்ளைகள் கூட்டுக்குப் 'பறவை ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்தார்கள். டாஷ்போர்டு மேல் அது இருந்தால் யாரும் கத்த மாட்டார்கள்.

லென்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கேட்டதில்லை. சாயந்திரம் கூடு மேஜைக்கு வரும், அவர் திறப்பார், அவ்வளவுதான்.

*

காசு பொறுக்கும் கலை பொறுமையின் கலை என்று லென்ஸ் சொல்லுவார். கிட்டத்தில் இருந்து பார்த்தால் அது முணுமுணுப்பின் கலையாகவும் இருந்தது. மேஜை விளக்கின் கீழ் ஒவ்வொரு காசையும் துணியால் எடுத்து, பூதக்கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்தை ஆமை மாதிரி நீட்டி, "இது சரியில்ல... இது பரவாயில்ல... இதுக்கு நெஞ்சுல குத்து" என்று சொல்லிக்கொண்டே இரண்டு குவியலாகப் பிரிப்பார். தேறியது வெல்வெட் தட்டுக்கு. தேறாதது பழைய பிஸ்கட் டப்பாவுக்கு. டப்பாவிலிருந்து மனைவி வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளுவாள்.

மாதக் கடைசியில் ஒருநாள், பங்கிலிருந்து வந்த ஒரு காசை அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்துப் பார்த்தார்.

மனைவி எதிரில் உட்கார்ந்து துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அது நல்லாருக்குல்ல?" என்றாள், காதில் விழாத மாதிரி மெதுவாக.

"நல்லாத்தான் இருந்திருக்கும். கோடு விழுந்திருக்கு பாரு. கண்ணுலேருந்து வால் வரைக்கும் நீளமா."

"அது கோடா?"

"பின்ன? நான் பாக்கற தொழில்ல இருக்கறவன்மா" என்று சொல்லி, காசை பிஸ்கட் டப்பாவில் போட்டார். வைக்கவில்லை, போட்டார். டங்கென்று சத்தம் வரவில்லை. அவள் மடித்துக்கொண்டிருந்த ஒரு காலுறை டப்பாவுக்குள் எப்படியோ விழுந்திருந்தது. லென்ஸ் அதையும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே அவர் ஐந்து காசைத் தேர்ந்தெடுத்து, தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கம்பெனி அனுப்பிய அட்டைப் பெட்டியில் அடுக்கினார். பெட்டியில் ஆறு குழி இருந்தது.

"ஆறுக்குத்தானே பணம் கட்டியிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா. ஒண்ணுக்கும் ஒரே கட்டணம், ஆறுக்கும் ஒரே கட்டணம்."

"அப்ப ஒரு குழி சும்மா போகுதே."

"எண்ணிக்கை முக்கியமில்ல, தரம்தான் முக்கியம். கண்டதை அனுப்பினா நம்ம மரியாதை என்ன ஆகறது?"

"கட்டின பணத்துக்கு மரியாதை வேண்டாமா?"

"பெட்டியை ஒட்டி அனுப்பிடறியா? நாளைக்கு நான் கடைக்குச் சீக்கிரம் போகணும்."

"உங்க இஷ்டம்" என்றாள். மிக மெதுவாக வந்தது. இத்தனை மெதுவான ரகத்தை லென்ஸ் அதுவரை கேட்டதில்லை. சம்மதத்திலேயே உயர்ந்த ரகம் போலும் என்று சந்தோஷப்பட்டார்.

*

பெட்டி திரும்பி வந்த நாளில் சங்கம் கூடியிருந்தது. சங்கத்துக்கு இடம் ஒரு சலவைக் கடையின் மாடி. சலவைக்காரர்தான் தலைவர். கீழே இஸ்திரி போட்டால் மேலே ஆவி வரும், அதனால் கூட்டம் முடியும் வரை ஊரார் சட்டைகள் சுருக்கத்தோடு காத்திருக்கும்.

பல் டாக்டரின் மார்க் முதலில் வாசித்தார்கள். அறுபத்தெட்டு. எல்லோரும் கை தட்டினார்கள். நர்ஸ் வந்திருந்தால் அவளுக்கும் தட்டியிருப்பார்கள்.

தலைவர் லென்ஸின் பெட்டியைப் பிரித்தார். "அறுபத்தஞ்சு. அறுபத்தஞ்சு. அறுபத்திநாலு." லென்ஸ் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார். "அறுபத்தஞ்சு. அறுபத்திமூணு, நெஞ்சில் காயம்னு எழுதியிருக்காங்க." பல் டாக்டர் அனுதாபத்தோடு தன் பற்களைக் காட்டினார். "இன்னொண்ணு இருக்கே... அறுபத்தொம்பது."

எல்லோரும் தலைவரின் கையை எட்டிப் பார்த்தார்கள்.

"எத்தனை?" என்றார் லென்ஸ்.

"அறுபத்தொம்பதுய்யா! ஒண்ணு கூடியிருந்தா முழு மார்க்!"

தலைவர் அவரைத் தூக்கி நிறுத்தினார். யாரோ முதுகில் தட்டினார்கள். லென்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் அனுப்பியது ஐந்து. ஐந்தும் இதோ மேஜை மேல் அசடு வழிந்துகொண்டு கிடக்கின்றன. ஆறாவது இது யார்?

"எங்க கிடைச்சுது?" என்று பல் டாக்டர் கேட்டார். கேள்வியில் கசப்பு இருந்தாலும் நியாயமும் இருந்தது. சங்கத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான்.

இந்த இடத்தில் லென்ஸ் "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாலை கழுத்தில் விழும் நேரத்தில் அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டி வராது. "ரொட்டிக் கடையில" என்றார். சற்று நேரத்தில் தலைவர் கேட்டபோது, "பார்க்கிங் மெஷின்லேருந்து" என்றார். மாடிப்படி இறங்கும்போது யாரோ ஒருவர் கேட்டதற்கு, "மழை பேஞ்சுக்கிட்டிருந்தது. பஸ் ஸ்டாப்ல ஒரு பெரியவர்..." என்று ஆரம்பித்து, பெரியவருக்கு ஒரு குடையும் கொடுத்து, அந்தக் கதை முடிய வாசல் வரை நடக்க வேண்டியிருந்தது. மூன்று கதையிலும் பல் டாக்டர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"லென்ஸ், ரொட்டிக் கடையில மழையா?" என்றார் அவர், மென்மையாக.

தலைவர் ஒரு தாளை லென்ஸின் கையில் திணித்தார். "நீல லேபிளுக்கு. கண்டெடுத்தவர் பேர், கிடைச்ச இடம், கையெழுத்து. காசோட சேர்த்து நாளைக்குக் கூரியர்ல போயாகணும். அதுக்கப்புறம் அடுத்த ஆளுக்குப் போயிடும்." அடுத்த ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த வேனில் லென்ஸ் முன் சீட்டில் ஏறினார். மடியில் பிளாஸ்டிக் கூட்டோடு அந்தக் காசு, கையில் அந்தத் தாள். ராத்திரி முழுக்க அவர் மனைவியை மூன்று தரம் கேட்டுவிட்டார். "பெட்டியில ஆறாவதா ஒண்ணு இருந்துச்சாம்" என்றதற்கு "அப்படியா?" என்றாள். "நீ ஏதாவது வெச்சியா?" என்றதற்கு "குழி சும்மா போகக் கூடாதுன்னேனே" என்றாள். "எந்தக் காசு?" என்றதற்கு விளக்கை அணைத்துவிட்டாள்.

"கூரியர் ஆபீஸ்தானே?" என்றாள் இப்போது, வண்டிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

"ஆமா."

வண்டி கிளம்பியது. லென்ஸ் காசைத் தூக்கிக் கை நீளத்தில் பிடித்துப் பார்த்தார். காலை வெயிலில் அதன் பளபளப்பு சக்கரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணிலிருந்து வால் வரை பார்த்தார். கோடு இல்லை.

"இதுல ஒரு கோடு இருந்துச்சே" என்றார்.

"கோடு இல்ல, நூல். உங்க மஞ்சள் துணியோட நூல். டப்பாவை லேசாச் சாய்ச்சதும் அதுவே விழுந்துடுச்சு."

லென்ஸ் காசை மடியில் இறக்கி வைத்தார். ஊருக்குக் கண்ணாடி போடுகிற மனிதர், தன் துணியில் இருந்த தன் நூலைத் தன் பூதக்கண்ணாடியால் பார்த்துத் தள்ளுபடி செய்திருக்கிறார். இதை யாராவது பல் டாக்டரிடம் சொன்னால் அவர் சிரித்துச் சிரித்துப் பல்லைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

"பங்க்ல அந்தப் பொண்ணு புதுக்கட்டு உடைச்சு முதல் காசா எடுத்து வெச்சுது" என்றாள் மனைவி, சாலையைப் பார்த்தபடி. "வெக்கும்போதே தெரிஞ்சுது எனக்கு. மத்ததெல்லாம் மினுங்கும். இது மட்டும் சும்மா இருந்துச்சு, அலட்டிக்காம." பிறகு, இவ்வளவு பேசியது அதிகம் என்பது போல, "விடுங்க. எழுதுங்க. நேரமாச்சு" என்றாள்.

கூரியர் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றது. லென்ஸ் தாளைத் தொடை மேல் விரித்தார். 'கண்டெடுத்தவர் பெயர்' என்ற இடத்துக்கு எதிரே பேனா நின்றது. அவர் பெயரை எழுதினால் ஒரு பிசகும் இல்லை. வீட்டுக்கு வந்த காசு, அவர் கட்டிய கட்டணம், அவருடைய சங்கம். அவள் பெயரை எழுதினால் அந்தப் பெரியவரும் குடையும் மழையும் என்ன ஆகும்? மாடிப்படியில் நின்ற சிரிப்பு என்ன ஆகும்?

"யார் பேர் போடறது?" என்றார்.

"உங்க இஷ்டம்."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. வழக்கமாக அவள் ஜன்னலை இறக்கியிருப்பாள். இறக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன, வண்டி நின்ற பிறகும். லென்ஸ் அந்தக் கைகளைப் பார்த்தார். இந்த ரகம் எது என்று யோசித்தார். வேகமாகவும் வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. 'ட'வில் அழுத்தமும் இல்லை. வசதியாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

டாஷ்போர்டின் மேல் கண்ணாடிக் கூடு இருந்தது. மூடியில் பிள்ளைகள் யாரோ ஸ்கெட்ச் பேனாவில் ஒரு மீன்கொத்தி வரைந்து, கீழே 'பறவை ஆஸ்பத்திரி' என்று எழுதி, அதற்கும் கீழே 'பெரிய டாக்டர்: வேன் அக்கா' என்று எழுதியிருந்தார்கள். எழுத்து பெரியது. கை நீட்டாமலே படிக்க முடிந்தது.

"பாத்திரம் கழுவும்போது ஏதோ கேட்டேல்ல நீ?" என்றார் லென்ஸ். "பொம்பளை பேரும் போடுவாங்களான்னு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அது காதுல விழுந்துச்சா?"

"அப்ப விழல. இப்பத்தான் விழுது."

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் ஜன்னலை இறக்கி, "அண்ணே, பக்கத்துல ஒரு யானை போற அளவுக்கு இடம் இருக்கு, நீங்க கார்தானே ஓட்டறீங்க?" என்றாள். கார் போய்விட்டது. ஜன்னல் ஏறியது.

"என் இஷ்டத்தை விடு" என்றார் லென்ஸ். "எனக்கு அது தெரியும். அது எப்பவும் இருக்கறதுதான். உன் இஷ்டம் என்ன? நான் வேற எதுவும் பேசல. நீ சொல்ற வரைக்கும் இறங்கவும் மாட்டேன். கூரியர் போனாப் போகட்டும்."

அவள் வைப்பரைப் போட்டாள், மழை இல்லை. நிறுத்தினாள். கண்ணாடிக் கூட்டைக் கையில் எடுத்து, திறந்து, மூடினாள். லென்ஸ், காசின் மேல் மூச்சு விடாத அதே கவனத்தோடு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் பேரைப் போடுங்க" என்றாள். "காசை வாங்கினது நான். நல்லாருக்குன்னு சொன்னது நான். நீங்க தூக்கிப் போட்டீங்க, காலுறையைப் போட்டுத் தாங்கினது நான். என் பேர் மட்டும். உங்க பேரை ஒட்ட வைக்காம, முழுசா, தப்பில்லாம எழுதுங்க." கூட்டின் பஞ்சு மெத்தைக்கு அடியிலிருந்து, அவர் கடையில் விற்கும் ரகத்திலேயே மலிவான மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து அவர் முன் நீட்டினாள். "இதை மாட்டிக்கிட்டு எழுதுங்க."